பதவிக் கையெழுத்து

எங்கள் கம்பெனியில் ஜெனரல் மானேஜரின் கையெழுத்தைச் சரியாகப் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஜெனரல் மானேஜர் இல்லை. டைப்பிஸ்ட் அய்யாக்கண்ணு.

உடனே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் போர்டு தீர்மானத்தின்படி, டில்லி ஒப்புதலோடு, மூன்று பிரதிகளில் நடந்த காரியம். மோசடி செய்கிறவனுக்குக் கொஞ்சம் பயமாவது இருக்கும். எங்களுக்கு அதுவும் கிடையாது.

தெலுங்கு நாட்டில், உப்பலைத் தாண்டி நூற்றெண்பது ஏக்கரில் எங்கள் தொழிற்சாலை இருந்தது. டெக்கான் வால்வு நிறுவனம், மத்திய அரசுக்குச் சொந்தம். தண்ணீர்க் குழாய், நீராவிக் குழாய், எண்ணெய்க் குழாய் எல்லாவற்றுக்கும் வால்வு செய்வதற்காக ஏற்படுத்தியது. வருடத்துக்கு எத்தனை வால்வு செய்தோம் என்று கேட்காமல், எத்தனை கடிதம் எழுதினோம் என்று கேட்டால் எங்களுக்கும் மரியாதை, உங்களுக்கும் நேரம் மிச்சம்.

1962-இல் ஆரம்பித்த கம்பெனிக்கு ஒன்பது வருடத்தில் ஏழு ஜி.எம். வந்து போனார்கள். ஒவ்வொரு ஜி.எம். வரும்போதும் அவர் கையெழுத்தின் மாதிரி அட்டையை பாங்கு, ரயில்வே, ஆஸ்பத்திரி, துறைமுகம் என்று நானூற்றுப் பன்னிரண்டு இடங்களுக்கு அனுப்ப வேண்டும். கடைசி அட்டை போய்ச் சேருவதற்குள் அந்த மனுஷருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கும். 1971-இல் சேர்மன் போர்டு கூட்டத்தில் எழுந்து பேசினார். அந்தப் பேச்சை அச்சடித்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார்கள்: "ஆள் வருவான், போவான். பதவி நிரந்தரம். நிரந்தரமான பதவிக்கு ஏன் நிரந்தரமில்லாத ஆள் கையெழுத்துப் போட வேண்டும்? பதவியே போடட்டும்!" கை தட்டினார்கள். பதவிக்குக் கை கிடையாதே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்படிப் பிறந்ததுதான் பதவிக் கையெழுத்து. அதை உருவாக்க ஐந்து அதிகாரிகள் கொண்ட ஒரு கமிட்டி அமைந்தது. பதினோரு கூட்டம் போட்டார்கள். பெங்களூர், ராஞ்சி, போபால் என்று போய் மற்ற தொழிற்சாலைகளின் கையெழுத்துகளைப் பார்வையிட்டு வந்தார்கள். யாருடைய பேரும் அதில் வரக்கூடாது, ஆனால் பார்த்தால் பெரிய மனுஷன் போட்டது மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு பெரிய சுழி, மூன்று மேடு, கீழே ஒரு கோடு. கோட்டுக்கடியில் ஒரு புள்ளியா இரண்டு புள்ளியா என்பதில் நான்கு கூட்டம் போனது. டில்லி இரண்டு புள்ளிக்குச் சம்மதித்தது.

எல்லாம் முடிவான பிறகுதான் ஐந்து அதிகாரிகளில் ஒருவருக்கும் அதை வரைய வரவில்லை என்று தெரிந்தது. மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பை டைப் அடித்துக்கொண்டிருந்த அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். அவர் பேனாவை வாங்கினார், ஒரு இழுப்பு, இரண்டு குத்து. அவ்வளவுதான். அசந்துபோனார்கள். அன்றைக்கே அவரை உட்கார வைத்து நானூற்றுப் பன்னிரண்டு மாதிரி அட்டையிலும் போட வைத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜி.எம். பேரில் எந்தக் கடிதம் போனாலும் அவர் கைதான். நாளொன்றுக்கு நூற்று நாற்பது கடிதம். டைப் அடிப்பது தனி. சம்பளம் டைப்பிஸ்டுக்கு உண்டானது. ஏதாவது அலவன்ஸ் கேட்டுப் பாருங்களேன் என்று ஒருமுறை சொன்னேன். "வேணாம் ரமணி. எங்கப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல முப்பது வருசம் ஃபிட்டரு. அவரு கையில கிரீஸு போனதே இல்ல. எங்கையில மைதானே ஒட்டுது" என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்தக் கையெழுத்து அவர் கையில் நன்றாக ஊறிவிட்டது. மகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தில் ஒருநாள் பழக்கதோஷத்தில் இதையே போட்டுவிட்டார். தலைமையாசிரியை எலிசபெத் அம்மாள் பயந்துபோய், ஒரு மாணவியின் கணக்கு மார்க்கில் இவ்வளவு அக்கறை காட்டியதற்காக ஜி.எம்.முக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்கு ஜி.எம். சார்பில் பதில் எழுதியதும் அய்யாக்கண்ணுதான்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 1973-இல் அய்யாக்கண்ணுவுக்குக் கட்டைவிரலில் நகச்சுத்தி வந்தது. அந்த வாரம் புள்ளி ஒன்று கொஞ்சம் நீண்டுவிட்டது. பாங்கு ஒரு கடிதத்தைத் திருப்பி அனுப்பியது. மானம் போயிற்று என்று கூடி, வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்தையும் மாதிரி அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க 'கையெழுத்து ஒப்பீட்டுப் பிரிவு' ஏற்படுத்தினார்கள். அதன் தலைவர் உமாசங்கர். அவருக்குக் கீழே நான். டெண்டர் விட்டு வாங்கிய ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு ரப்பர் முத்திரை. ஒன்று 'ஒத்துள்ளது'. இன்னொன்று 'ஒத்துப்போகவில்லை'. முத்திரை இல்லாத காகிதம் கேட்டைத் தாண்டாது. மனிதப் பிறவி எடுத்துப் பன்னிரண்டு வருடம் அதைக் குத்தினேன்.

அந்தப் பிரிவில் சேர்ந்த அன்று உமாசங்கர் எனக்கு உபதேசம் செய்தார்: "ரமணி, நீங்க பாக்க வேண்டியது கையெழுத்து. அதுக்குப் பின்னால இருக்கற மனுஷனைப் பாக்காதீங்க. மனுஷனைப் பாத்தா கண்ணு மங்கிடும்." அவர் கண் கடைசிவரை மங்கவே இல்லை.

1974 தொடக்கத்தில் எட்டாவது ஜி.எம். பத்ரிநாராயணன் வந்தார். வேலையில் சேர்ந்துவிட்டேன் என்று டில்லிக்கு ஒரு கடிதம் எழுதித் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நான் 'ஒத்துப்போகவில்லை' குத்தித் திருப்பினேன். மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை. "பேஷ், பேஷ். சிஸ்டம் நன்னா வேலை செய்யறது" என்று சிரித்தார். நல்லவர். அவருடைய நல்ல குணத்தால் எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. நன்மையும் வந்ததில்லை.

அந்த வருடம் ஜூலையில் அய்யாக்கண்ணுவின் மனைவி ராஜத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஹப்சிகுடாவில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார்கள். பதினாறு படி. நான் ஒருநாள் போனபோது எட்டாவது படியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி, படியில உக்காந்துட்டீங்க?"

"ஸ்டேசன் வந்துருச்சு தம்பி, வண்டி தண்ணி புடிக்குது." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. பையை வாங்கப் போனேன். "நக்கோ, நக்கோ. நானே தூக்கிக்கறேன். இன்னும் எட்டுதான்." அந்த எட்டுப் படி ஏற அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார் கம்பெனி டாக்டர். மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால் முப்பது வருடம் இருப்பாளாம், செய்யாவிட்டால் தீபாவளி தாண்டுவது கஷ்டமாம். அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் கம்பெனிக்கென்று வருடத்துக்கு இரண்டு கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு கட்டில் கிடைத்தது. ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் ஜி.எம். கையெழுத்திட்ட கடிதத்தோடு வந்து படுக்க வேண்டும், தவறினால் கட்டில் அடுத்த ஆளுக்குப் போகும். சொந்தக் காசில் போகலாமே என்பீர்கள். கடிதமில்லாமல் போகிறவர்களுக்கு வரிசை ஒன்பது மாதம்.

அய்யாக்கண்ணு சனிக்கிழமை மெட்ராஸ் எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் எடுத்தார். கடிதத்தைத் தானே டைப் அடித்தார். கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் பதினேழாவது விதி வந்து நின்றது: தன் நலன் சம்பந்தப்பட்ட காகிதத்தில் எந்த ஊழியரும் தானே கையெழுத்திடக் கூடாது.

"போட்டுத் தள்ளுங்க அண்ணே, ஊருக்கெல்லாம் போடறீங்க" என்றேன்.

"இல்ல ரமணி. பன்னெண்டு வருசத்துல ஒரு தப்புக் காயிதம் எங்கையால போனதில்ல. ஐயாவே போடட்டும். அவருதான நெச ஜி.எம்மு?"

பத்ரிநாராயணன் உடனே பேனாவை எடுத்தார். "இதுக்கா யோசிக்கறேள்? நானே போட்டுத் தரேன்" என்று அழகாகத் தன் பேரை எழுதினார். கடிதம் என் மேஜைக்கு வந்தது. சுழி இல்லை, மேடு இல்லை, புள்ளி ஒன்றுகூட இல்லை. உமாசங்கரிடம் கொண்டுபோய், "சார், இது ஜி.எம். கைப்பட அய்யாக்கண்ணு முன்னால போட்டது" என்றேன்.

"யாரு போட்டாங்கன்னு கேக்கல. ஒத்துப்போகுதா?"

"இல்ல சார்."

"அப்பறம் என்ன? மெட்ராஸ்லயும் நம்ம அட்டைதானே வெச்சிருக்கான். அந்தம்மாவை அவ்வளவு தூரம் அனுப்பி அங்கேருந்து திருப்பி அனுப்பறதா? பாவம் இல்லையா? குத்துங்க."

குத்தினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி நான்தான்.

ஜி.எம். அசரவில்லை. "சரி, கத்துக்கறேன். சங்கீதமே கத்துண்டிருக்கேன், இது என்ன?" என்று நாலு கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். மறுநாளிலிருந்து தினமும் காலை பத்தரைக்கு அய்யாக்கண்ணு அவர் அறைக்குப் போய் நின்றார். வாசலில் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே ஒரு தொழிற்சாலையின் தலைவர் சுழி போட்டுப் பழகிக்கொண்டிருப்பார். பியூன் யாதகிரி காபி கொண்டுபோய்விட்டு வந்து பெரிய சாரைப் பற்றிச் சொல்வான்: "பெத்த சார் ரெண்டு மேடுலே நின்னு போறாரு. மூணாவது மேடு சடாவ் நை ஹோத்தா, ஏறவே மாட்டேங்குது. கைக்கு சார், எதுக்கு இத்தனை தக்லீப்? அய்யாக்கண்ணு சார் போட்டா ஒரு நிமிசம்!"

ஆறு நாள் பழகினார். ஆறு நாளும் ஒரு கடிதம் வந்தது, ஆறு நாளும் நான் 'ஒத்துப்போகவில்லை' குத்தினேன். ஆறாவது நாள் கடிதத்தில் மூன்றாவது மேடு வந்திருந்தது. இரண்டாவது புள்ளி கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜி.எம். அவசரக் கூட்டம் போட்டார். பர்சனல் மானேஜர் வேதாசலம், தயாரிப்பு மானேஜர் வேணுகோபால், உமாசங்கர், குறிப்பெடுக்க நான். மாதிரி அட்டையையே மாற்றிவிடலாமா என்று கேட்டார் ஜி.எம்.

"தாராளமா மாத்தலாம் சார்" என்றார் வேதாசலம். "நானூத்திப் பன்னெண்டு இடத்துக்கும் கடிதம் போகணும். அந்தக் கடிதத்துல பழைய கையெழுத்து இருக்கணும். பழைய கையெழுத்து போடறவர் அய்யாக்கண்ணு. மாத்தறதே அவர் சம்சாரத்துக்காக. அதனால அதுல அவர் போடக் கூடாது. இது ஒண்ணைத் தவிர வேற சிக்கல் எதுவும் இல்ல சார்."

"கேவலம் ஒரு வால்வுக்காக இத்தனை பேர் இங்கே உக்காந்துண்டிருக்கோம்" என்று ஜி.எம். நெற்றியைத் தேய்த்தார்.

வேணுகோபால் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வால்வு என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்தார். "என்ன சைஸ்? ஸ்டாக்ல இருக்கும். இண்டென்ட் போடச் சொல்லுங்க." யாரும் சிரிக்கவில்லை. நான் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பு முறைப்படி அங்கீகாரமும் பெற்றது.

அன்று சாயங்காலம் ஹப்சிகுடா போனேன். ராஜம் தகரப் பெட்டியில் துணி அடுக்கி வைத்திருந்தாள். புருஷனைப் பார்த்து என் முன்னாலேயே கேட்டாள்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டீங்க. டெல்லிக்காரனுக்கு, பாங்குக்காரனுக்கு, அந்த மேனேசரு வீட்டு நாய்க்கு லைசென்சு வாங்கறதுக்குக்கூட. எனக்குப் போடத்தான் கை வரலையா?"

"ராஜம், ரூலுடி..."

"ரூலுக்கா தாலி கட்டினீங்க?"

மகள் ஓடிவந்து, "நானா, ட்ரெயின் எப்புடு?" என்று அப்பாவிடம் தெலுங்கில் கேட்டாள். சனிக்கிழமை என்றார்.

வெள்ளிக்கிழமை பதினாறாம் தேதி காலை ஒரு கடிதம் என் மேஜைக்கு வந்தது. எடுத்ததுமே தெரிந்துவிட்டது. சுழி உருண்டு நின்றது. மூன்று மேடும் வரிசையாக, கீழே கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. தலை நிமிர்ந்து பார்த்தேன். இருபது அடி தள்ளி அய்யாக்கண்ணு டைப் அடித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. நான் பூதக்கண்ணாடியைத் தொடவே இல்லை. 'ஒத்துள்ளது' என்று குத்தினேன். நான் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம், அதுவும் பதினைந்து நிமிடம்தான் நீடித்தது.

உமாசங்கர் மேலொப்பம் போடுவதற்காகக் கடிதத்தை எடுத்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பார்த்தார். "ரமணி, இது ஒத்துப்போகுது" என்றார்.

"ஆமா சார்."

"ஜி.எம். போட்டது எதுவும் ஒத்துப்போகல. இது ஒத்துப்போகுது. அப்போ இது ஜி.எம். போட்டது இல்ல."

இவ்வளவு வருடத்தில் அந்த மனுஷர் மூளையைப் பயன்படுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நாலு பேருக்கு நல்லது நடக்கிற சமயம் பார்த்துத்தான் இவர்களுக்கு அறிவு வருகிறது!

கடிதம் ஜி.எம். அறைக்குப் போனது. பின்னாலேயே உமாசங்கர், அய்யாக்கண்ணு, பூதக்கண்ணாடியோடு நான். பத்ரிநாராயணன் கடிதத்தைப் பார்த்தார், அய்யாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த நல்ல மனுஷர் சொன்னார்: "இது நான் போட்டதுதான். நேத்திக்கு லீவுல பழகினேன், கை படிஞ்சுடுத்து."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உமாசங்கர் பணிவாக ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தார். "ரொம்ப சந்தோஷம் சார். ஃபைலுக்காக இன்னும் ஒரே ஒரு தடவை எங்க முன்னால போட்டுக் காமிச்சிட்டீங்கன்னா..."

ஜி.எம். பேனாவை எடுத்தார். சுழி வந்தது. ஒரு மேடு வந்தது. இரண்டாவது வந்தது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது மேட்டில் பேனா நின்றது, மை ஊறிப் பரவியது. அய்யாக்கண்ணு தன்னையறியாமல், "அப்புடியே வளைச்சு எறக்குங்க ஐயா" என்றார். ஜி.எம். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன ரமணி, ஒத்துப்போகுதா?" என்று கேட்டார் உமாசங்கர்.

ஒத்துப்போகிறது என்று நான் சொல்லியிருக்கலாம். கண்ணாடி என் கையில்தான் இருந்தது. எனக்கும் பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள், பென்ஷன் இருந்தன. "இல்ல சார்" என்றேன்.

"ஜெனரல் மானேஜர் கையெழுத்தைக் கள்ளத்தனமா போட்டிருக்கார் சார் இந்தாள்."

"சார், அது என் கையெழுத்துங்க" என்றார் அய்யாக்கண்ணு. முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன். "நான் பொறந்தப்பவே எங்கூட வந்த கை சார் இது!"

"அது பதவியோட கையெழுத்துய்யா. உன் கை வழியா வருது, அவ்வளவுதான். குழாய் வழியா தண்ணி வந்தா தண்ணி குழாயோடது ஆயிடுமா?"

ஜி.எம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்கே, என்ன பண்றது" என்று ஜன்னலிடம் சொன்னார்.

அன்று மத்தியானமே சஸ்பென்ஷன் உத்தரவு தயாராயிற்று. அதற்கு ஜி.எம். கையெழுத்து வேண்டும். மறுபடி எல்லோரும் முழித்தார்கள். வேதாசலம் விதிப் புத்தகத்தைப் புரட்டி, முகம் மலர்ந்தார். "பதினேழாவது விதி, நலன் சம்பந்தப்பட்ட காகிதம்னுதான் சொல்லுது. சஸ்பென்ஷன் அவருக்கு நலன் இல்லையே! அவரே போடலாம். தடையே இல்ல."

அய்யாக்கண்ணு தன் சஸ்பென்ஷன் உத்தரவில் தானே கையெழுத்துப் போட்டார். நான் ஒப்பிட்டேன். ஒத்துள்ளது.

அவர் அவசரமாக எழுந்து பையை எடுத்தார். வேதாசலம் தடுத்தார்: "எங்க போறீங்க? மத்த வேலைக்குத்தான் சஸ்பென்ஷன். கையெழுத்துப் போட தினமும் வரணும். இல்லாட்டி கம்பெனி நின்னு போயிடும்ல?" பாதிச் சம்பளத்துக்கு முழு நாளும் உட்கார்ந்து நூற்று நாற்பது கடிதம். அவர் மனைவியின் கடிதம் மட்டும் அதில் இல்லை. அது விசாரணைக்கான சான்று என்று சீல் வைத்த உறைக்குள் போய்விட்டது.

சனிக்கிழமை மெட்ராஸ் எக்ஸ்பிரஸ் போயிற்று. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்கு அய்யாக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் அடுத்த கடிதத்தை எடுத்தார்.

செப்டம்பரில் விசாரணை முடிந்தது. கையெழுத்து உண்மையானது, ஆனால் போட்டவர் உண்மையானவர் இல்லை என்று தீர்ப்பு. எச்சரிக்கையோடு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த எச்சரிக்கையிலும் அவர்தான் கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டில் ஜனவரியில் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது.

ராஜம் ஜனவரி வரைக்கும் இருக்கவில்லை. அக்டோபர் பதினோராம் தேதி காலை பால் வாங்கக் கீழே போய்விட்டு, ஏறும்போது அதே எட்டாவது படியில் உட்கார்ந்தாள். இந்த முறை எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தூங்குகிறாள் என்று நினைத்துப் பால் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுப் போனாளாம். என் மனைவி கல்பகம் போய் அழுதுவிட்டு வந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். என்னோடு நானே பேசிக்கொள்ளாத நாட்கள் அவை.

பத்து நாள் கழித்து அய்யாக்கண்ணு மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தார். தட்டில் கடிதங்கள் குவிந்திருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். மத்தியானம் அந்தக் கட்டு என் மேஜைக்கு வந்தது. நடுவில் ஒரு கடிதம், சைக்ளோஸ்டைல் செய்த படிவம். கோடிட்ட இடங்களில் மட்டும் டைப் அடித்திருந்தது.

'அன்புள்ள திரு. அய்யாக்கண்ணு அவர்களுக்கு, தங்கள் மனைவி திருமதி ராஜம் அவர்களின் எதிர்பாராத மறைவு குறித்து ஆழ்ந்த துயரமடைகிறேன். இந்நிறுவனம் ஒரே குடும்பம். தங்களுக்கு எந்த உதவி தேவைப்பட்டாலும் தயங்காமல் என்னை நேரில் அணுகலாம். ஜெனரல் மானேஜர்.'

அடியில் கையெழுத்து. ஒரு சுழி, மூன்று மேடு, ஒரு கோடு, இரண்டு புள்ளி.

உமாசங்கர் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இரங்கல் நலன்ல சேராது. கேட்டுட்டேன்" என்றார். பிறகு கண்ணாடியை வாங்கி ஆசையோடு பார்த்தார். "அடடா! இந்த வருஷத்துலயே இதுதான் சுத்தமான கையெழுத்து. பாருங்க, புள்ளி ரெண்டும் தராசுல வெச்ச மாதிரி. குத்துங்க."

குத்தினேன். ஒத்துள்ளது.

யாதகிரி அதை உறையில் போட்டு, பியூன் புத்தகத்தில் பதிந்து, இருபது அடி நடந்து அய்யாக்கண்ணுவிடம் கொடுத்தான். அவர் உறையைக் கிழித்தார். தான் போட்ட கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், வாங்கிக்கிட்டதுக்கு இங்கே ஒரு கையெழுத்து" என்று யாதகிரி புத்தகத்தை நீட்டினான். "உங்கள்து. ஜி.எம்.து இல்ல."

அய்யாக்கண்ணு பேனாவை எடுத்தார். புத்தகத்தின் மேல் வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி திருகி வைத்துவிட்டு எழுந்து என் மேஜைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் ஸ்டாம்ப் பேடில் இடது கட்டைவிரலைத் தோய்த்தார். திரும்பிப் போய்ப் புத்தகத்தில் அவர் பேருக்கு எதிரே அழுத்தி வைத்தார். கைநாட்டு. பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். தட்டில் இன்னும் அறுபது கடிதம் பாக்கி இருந்தது.

உமாசங்கர் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ரமணி," என்று கேட்டார், "இதுக்கு மாதிரி அட்டை இருக்கா?"